புதுச்சேரியில் எந்தக் கொடி, எந்த வருஷம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் மாதம் பிறந்தால் எங்கள் தெருப் பிள்ளைகள் பேச்சுப் போட்டிக்குக் குறிப்பு கேட்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். நான் பிறந்தது பாகூர், வேலை பார்த்தது கடலூர், இப்போது இருப்பது முத்தியால்பேட்டை. அதனால் எல்லைக்கு இரண்டு பக்கமும் என்னிடம் கேள்வி கேட்க ஆள் உண்டு. பிள்ளைகள் கேட்பது ஒரு விதம், அவர்களைக் கூட்டி வரும் அப்பா அம்மா கேட்பது இன்னொரு விதம். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். தேசியக் கொடியைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் இருப்பதும் தெரிய வேண்டும், அந்தக் கொடி நம் ஊருக்கு வந்து சேர்ந்த கதையும் தெரிய வேண்டும். இரண்டாவதைத்தான் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

புதுச்சேரியிலும் 1947 ஆகஸ்ட் 15 அன்றுதானே நம் கொடி ஏறியது?

இல்லை. அன்றைக்குக் கடலூரில் அரசுக் கட்டடங்களில் நம் கொடி ஏறியது. இருபது கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரியில் அரசு மாளிகையில் பறந்தது பிரான்ஸ் நாட்டுக் கொடிதான். இங்கே ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1. அன்று காலையில் பிரெஞ்சு அரசின் சார்பில் பியேர் லாந்தி நிர்வாகத்தை ஒப்படைக்க, இந்தியாவின் சார்பில் கேவல் சிங் ஏற்றுக்கொண்டார். காரைக்காலும் அதே நாளில் வந்தது. மாஹேயும் ஏனாமும் அதே வருஷம் சில மாதங்களுக்கு முன்பே விடுபட்டுவிட்டன.

எங்கள் ஆயா பாகூரில் வாழ்க்கைப்பட்டவர், அவருடைய தங்கை தூக்கணாம்பாக்கத்தில். வரப்பைத் தாண்டினால் போய்விடலாம் என்கிற தூரம். "அவளுக்குச் சுதந்திரம் வந்துடுச்சி, எனக்கு வர ஏழு வருஷம் ஆச்சி" என்று ஆயா சொல்லும்போது சின்னப் பிள்ளையாக இருந்த எனக்கு அது புரிந்ததே இல்லை. தங்கை வீட்டுக்கு நெல்லு மூட்டையோ துணியோ கொண்டுபோனால் வழியில் சுங்கச் சோதனை உண்டாம். இன்றைக்கு முள்ளோடையில் பஸ் நிற்கக்கூட நிற்காமல் தாண்டிப் போகிறதே, அந்த எல்லை அப்போது இரண்டு நாடுகளுக்கு நடுவில் இருந்த எல்லை.

கீழூரில் நடந்தது என்ன? ஊர் மக்கள் எல்லோரும் ஓட்டுப் போட்டார்களா?

எல்லோரும் போடவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று, மக்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருந்த சட்டமன்ற உறுப்பினர்களும் நகராட்சி, கொம்யூன் (பிரெஞ்சு முறை உள்ளாட்சி) உறுப்பினர்களும் வில்லியனூருக்கு மேற்கே இருக்கும் கீழூரில் கூடி வாக்களித்தார்கள். மொத்தம் 178 பேர். இந்தியாவோடு சேர வேண்டும் என்று 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். மூன்று நாள் கழித்து, அக்டோபர் 21 அன்று டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஆனால் இது ஒரே நாளில் நடந்ததாக நினைக்க வேண்டாம். அந்த வருஷம் மார்ச் மாதக் கடைசியிலேயே, அதுவரை பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் இருந்த எதுவார் குபேர் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியை ஏற்றி அங்கிருந்து ஒரு தற்காலிக அரசையும் அறிவித்துவிட்டார். அதற்கும் எத்தனையோ வருஷம் முன்பிருந்து வ. சுப்பையா போன்றவர்கள் ஆலைத் தொழிலாளர்களையும் விவசாயிகளையும் திரட்டிப் போராடியிருக்கிறார்கள். இப்போது கடற்கரைச் சாலைக்கே குபேர் பெயர்தான். எந்த வருஷம் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று வயதானவர்கள் உட்கார்ந்து பேசினால் பொழுது விடிந்துவிடும். என் கணக்கில், அந்த 8 பேரும் இந்தக் கதையில் முக்கியமானவர்கள். வேண்டாம் என்று சொல்லவும் இடம் இருந்தது, சொன்னவர்களையும் எண்ணிப் பதிவு செய்தார்கள். ஒரு கொடி இப்படி எண்ணிக்கை பார்த்து ஏறியது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

1954-க்கும் 1962-க்கும் நடுவில் இங்கே எந்தக் கொடி?

பறந்தது இந்தியக் கொடிதான், நிர்வாகமும் இந்தியாவுடையதுதான். ஆனால் சட்டப்படி மண் இன்னும் பிரான்சுடையதாகவே இருந்தது. 1956 மே 28 அன்று முழு ஒப்படைப்புக்கான உடன்படிக்கை கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்க 1962 வரை ஆனது. அந்த வருஷங்களில் பிரான்ஸ் அல்ஜீரியாவில் போரில் இருந்தது. அங்கே சண்டை முடிந்து 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை ஆன பிறகுதான் நம் காகிதமும் நகர்ந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று ஆவணங்கள் கைமாறின, எல்லாம் முடிந்தது. 1963 ஜூலை 1 முதல் யூனியன் பிரதேசம்.

அதனால்தான் புதுச்சேரிக்கு மட்டும் ஆகஸ்ட் 15, ஆகஸ்ட் 16, நவம்பர் 1 என்று மூன்று நாள். கடலூர் உறவினர்கள் இதைக் கேட்டு "உங்களுக்கு மட்டும் எத்தனை லீவு" என்பார்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

அதற்கு முன்னால் இந்தப் பக்கம் எத்தனை கொடி பறந்திருக்கிறது?

இதைக் கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் கால் ஊன்றியது 1674. 1693-இல் டச்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டு 1699-இல் திருப்பிக் கொடுத்தார்கள். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்து, கோட்டை கொத்தளத்தை எல்லாம் இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடியதும் அதே மாதத்தில்தான். 1765-இல் ஊர் திரும்பக் கிடைத்தது. 1778-இல் மறுபடி ஆங்கிலேயர், 1785-இல் மறுபடி பிரெஞ்சு, 1793-இல் மறுபடி ஆங்கிலேயர், கடைசியாக 1816-இல் மறுபடி பிரெஞ்சு.

கடலூரும் லேசுப்பட்டது இல்லை. தேவனாம்பட்டினத்தில் கடலோரம் இருந்த கோட்டையை 1690-இல் மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியது. பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்குச் சொந்தம் என்று பேச்சு, அப்படி எல்லை போட்ட ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்றே சொல்வார்கள். சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக இருந்த கம்பெனிக் கொடி அங்கே பறந்தது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையைப் பிடித்தார், இரண்டு வருஷத்தில் ஆங்கிலேயர் மீட்டார்கள். 1782-இல் திரும்பவும் கடலூர் பிரெஞ்சு கைக்குப் போய்ப் பிறகு ஒப்பந்தத்தில் திரும்பியது. யார் கொடி என்று கேட்டுத்தான் கிஸ்தி கட்ட வேண்டும் என்கிற நிலையில் எத்தனை தலைமுறை உழவர்கள் இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அவர்களிடம் யாரும் ஓட்டு வாங்கவில்லை.

அப்புறம், பலருக்கும் தெரியாத ஒன்று. பிரான்சின் நீலம் வெள்ளை சிவப்புக் கொடிக்கு இன்றைய வடிவம் வந்தது 1794. அப்போது புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்தது. 1816-இல் ஊர் திரும்பக் கிடைத்தபோது பிரான்சில் மறுபடி மன்னர் ஆட்சி, அதனால் கொடி வெள்ளை. 1830-இல் பாரிசில் புரட்சி நடந்து அந்த மன்னர் பரம்பரை போன பிறகுதான் மூன்று நிறக் கொடி திரும்ப வந்தது, அதற்குப் பிறகே இங்கேயும் அது நிலைத்தது. இருநூற்று எண்பது வருஷப் பிரெஞ்சுத் தொடர்பில் அந்தக் கொடி நிலைத்துப் பறந்தது சுமார் 120 வருஷம்தான்.

அவர்களுடையதும் மூவர்ணம், நம்முடையதும் மூவர்ணம். பார்த்துச் செய்ததா?

இதைக் கேட்காத பிள்ளையே இல்லை. மூன்று நிறப் பட்டைக் கொடி என்ற வழக்கம் உலகத்தில் பரவியதற்குப் பிரெஞ்சுப் புரட்சி பெரிய காரணம், அதில் சந்தேகமில்லை. 1907 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த சோசலிஸ்ட் மாநாட்டில் இந்தியாவுக்கென்று ஒரு கொடியை விரித்துக் காட்டிய மேடம் பிகாஜி காமா பாரிசில் வாழ்ந்தவர். அந்தக் கொடியிலும் மூன்று பட்டைகள்.

ஆனால் இன்றைய கொடியின் நிறங்கள் வந்த வழி வேறு. 1921-இல் விஜயவாடாவில் காங்கிரஸ் கூடியபோது பிங்கலி வெங்கையா காந்தியிடம் கொண்டுவந்த கொடியில் இந்துக்களுக்குச் சிவப்பும் முஸ்லிம்களுக்குப் பச்சையும் மட்டும்தான். மற்ற எல்லோருக்குமாக ஒரு வெள்ளைப் பட்டையும், நடுவில் ராட்டையும் வேண்டும் என்றார் காந்தி. அப்படி இரண்டு மூன்றானது. பாரிசில் நடந்ததைப் பாருங்கள்: நீலமும் சிவப்பும் அந்த நகரத்தின் நிறங்கள், நடுவில் இருக்கும் வெள்ளை மன்னருடையது, 1789-இல் மூன்றையும் சேர்த்தார்கள். அங்கேயும் வந்து சேர்ந்தது வெள்ளை, இங்கேயும் வெள்ளை. அங்கே மன்னருக்காக, இங்கே கணக்கில் விடுபட்டவர்களுக்காக. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் ஒருபோதும் மறக்க மாட்டார்கள்.

அவர்கள் பட்டை நெடுக்காக இருக்கும், நம்முடையது படுக்கையாக. நீள அகலம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே, 3-க்கு 2.

காவி இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு என்கிறார்களே?

1921-இல் பேச்சு அப்படித்தான் தொடங்கியது, அதை மறைக்க வேண்டியதில்லை. பிறகு எங்கள் நிறம் எங்கே என்று சீக்கியர்கள் கேட்டார்கள், விவாதம் வளர்ந்தது. 1931-இல் காங்கிரஸ் சிவப்பை எடுத்துவிட்டுக் காவி, வெள்ளை, பச்சை என்று முடிவு செய்தபோது, நிறங்களுக்கு மத அர்த்தம் கிடையாது என்று தீர்மானத்திலேயே எழுதியது. காவி என்றால் துணிவும் தியாகமும், வெள்ளை என்றால் உண்மையும் அமைதியும், பச்சை என்றால் நம்பிக்கையும் வீரமும்.

1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு தீர்மானத்தைக் கொண்டுவந்தபோதும் இதையே சொன்னார். நம் திருத்தணிப் பக்கத்துக்காரரான ராதாகிருஷ்ணன் அன்று பேசியது எனக்கு இன்னும் பிடிக்கும். காவி பற்றின்மை, தலைவர்கள் சொந்த லாபம் பார்க்கக் கூடாது; வெள்ளை வெளிச்சம், நடத்தைக்கு வழிகாட்டும் உண்மை; பச்சை மண்ணோடும் பயிரோடும் நமக்கு இருக்கும் உறவு என்று விளக்கினார். பாகூர் ஏரிப் பாசனத்தில் வளர்ந்த எனக்குப் பச்சைக்கு இதைவிட நல்ல விளக்கம் தேவைப்படவில்லை. மதத்தைச் சொல்லிக் கொடியைப் பங்கு போடுகிறவர்களிடம் 1931-ஐயும் 1947-ஐயும் தேதியோடு சொல்லுங்கள். கோபப்பட வேண்டாம், தேதி போதும்.

ராட்டை ஏன் சக்கரமானது?

ராட்டை ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் கதிர் என்று இருக்கும். கொடியின் பின்பக்கத்தில் திரும்பித் தெரியும். சக்கரம் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றே. நேரு சொன்ன காரணமும் இதுதான். சாரநாத்தில் அசோகர் நிறுத்திய தூணின் சக்கரம், கடல்நீல நிறம், 24 ஆரம். ராட்டை போனது காந்திக்கு வருத்தம்தான்.

கொடியை வடிவமைத்தது ஒருவரா, பலரா?

வெங்கையாவின் பெயரை மறக்கக் கூடாது, ஆனால் அவர் ஒருவர் மட்டும் என்பதும் சரியில்லை. நிறங்களை 1931-இல் காங்கிரஸ் மாற்றியது, கடைசி வடிவத்தை 1947-இல் ராஜேந்திர பிரசாத் தலைமையிலான குழு முடிவு செய்தது. அதில் ராஜாஜி, அம்பேத்கர், ஆசாத், சரோஜினி நாயுடு எல்லோரும் இருந்தார்கள்.

பாரதியார் பாடிய மணிக்கொடி இதுதானா?

இல்லை. பிள்ளைகள் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே இன்றைய கொடியை வரைகிறார்கள், அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அவர் பாட்டில் வரும் கொடியில் வந்தே மாதரம் என்ற எழுத்தும், இந்திரனின் வச்சிரமும், இளம்பிறையும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் எது நம் கொடி என்று முடிவாகவில்லை, ஆளுக்கொரு கற்பனை. வெங்கையா விஜயவாடாவில் கொடியைக் காட்டிய அதே 1921-இல்தான் பாரதியார் இறந்தார்.

இங்கே பத்து வருஷம் அவருக்கு நிழல் கொடுத்தது பிரெஞ்சுக் கொடி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1908-இல் ஆங்கில அரசுக்குத் தப்பிப் புதுச்சேரி வந்தார். 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டி வெளியே கால் வைத்ததும் கைது செய்து கடலூர் சிறையில் போட்டார்கள். இரண்டு கொடிகளுக்கு நடுவில் இருந்த அந்தக் கோடு அவர் வாழ்க்கையில் என்னவெல்லாம் செய்திருக்கிறது என்று முள்ளோடையைத் தாண்டும்போதெல்லாம் நினைப்பேன்.

திருப்பூர் குமரன் கையில் இருந்தது?

1932 ஜனவரி. ராட்டை போட்ட காங்கிரஸ் கொடி. சக்கரம் வரப் பதினைந்து வருஷம் இருந்தது. நினைவு தப்பி விழுந்தும் கொடியை விடாத அந்தப் பிள்ளைக்கு வயது 27.

ஜூலை 14 அன்று பீச் ரோட்டில் பிரெஞ்சுக் கொடி வருகிறதே, அது சரியா?

சரிதான். தயவுசெய்து இதைத் தேசத்துரோகம் என்று பேசாதீர்கள். முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போய் இறந்த இந்த மண்ணின் ஆட்களுக்காகக் கட்டியது அந்தப் போர் நினைவிடம், 1938-இல் திறந்தது. பிரெஞ்சு தேசிய நாளில் அங்கே மலர் வளையம் வைத்து இரண்டு நாட்டுக் கீதமும் இசைப்பார்கள். 1962-இல் எந்தக் குடியுரிமை வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள், பிரெஞ்சுக் குடியுரிமையை எடுத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் இன்றும் இங்கே இருக்கின்றன. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை நாம் சொல்தா என்போம். எங்கள் தெருவிலேயே ஒரு சொல்தா தாத்தா இருந்தார். ஜூலை 14 அன்று கோட்டு போட்டு மெடல் குத்திக்கொண்டு கிளம்புவார், ஆகஸ்ட் 15 அன்று வெள்ளை வேட்டியில் முதல் ஆளாகத் தெருமுனைக் கொடிக்கம்பத்தின் கீழ் நிற்பார். இரண்டு நாளும் ஒரே நேர்த்தியில் சல்யூட் வைப்பார். அவரிடம் போய் உங்கள் கொடி எது என்று கேட்க எனக்கு வாய் வந்ததில்லை.

விதி என்று பார்த்தால், இரண்டு நாட்டுக் கொடிகளையும் தனித்தனிக் கம்பத்தில், ஒரே உயரத்தில் ஏற்ற வேண்டும். பார்க்கிற கூட்டத்துக்கு இடது கைப் பக்கம் நம் கொடி வரும். பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் அவர்கள் கொடி தினமும் பறப்பது எந்த நாட்டுத் தூதரகத்துக்கும் உள்ள உரிமை. போலீஸ்காரர்கள் தலையில் பிரெஞ்சுக் காலத்துச் சிவப்புத் தொப்பி இருப்பதைக் கேட்காதவர்கள் இதை மட்டும் கேட்பது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

ஆகஸ்ட் 15-இல் முதல்வர், ஜனவரி 26-இல் ஆளுநர். ஏன்?

1974 வரை மாநிலங்களில் இரண்டு நாளும் ஆளுநரே ஏற்றினார். சுதந்திர நாளிலாவது மக்கள் தேர்ந்தெடுத்த முதல்வர் ஏற்ற வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் கலைஞர் கருணாநிதி. புதுச்சேரியிலும் ஆகஸ்ட் 15 அன்று கடற்கரைச் சாலையில் முதல்வர்தான்.

புதுச்சேரிக்குத் தனிக் கொடி உண்டா?

கிடையாது.

வீட்டில் ஏற்றலாமா? இரவில் இறக்க வேண்டுமா?

தாராளமாக ஏற்றலாம். 2002 ஜனவரி 26 முதல் கொடி விதிகள் அதை அனுமதிக்கின்றன, 2004-இல் உச்ச நீதிமன்றமும் அது குடிமக்களின் உரிமை என்று சொல்லிவிட்டது. முன்பு சூரியன் மறைவதற்குள் இறக்க வேண்டும். 2022 ஜூலையில் விதியை மாற்றியதால் வீட்டில் இரவும் பகலும் பறக்கலாம். கதர்தான் வேண்டும் என்ற கட்டாயமும் 2021 டிசம்பரில் போனது, பாலியஸ்டர் கொடிக்கும் இடம் உண்டு. எனக்கு என்னவோ கதர்க் கொடி காற்றில் அசைகிற அசைவு தனி.

கவனிக்க வேண்டியது சில. காவி மேலே. சுவரில் நெடுக்காகத் தொங்கவிட்டால் பார்ப்பவருக்கு இடது பக்கம் காவி. தரையில் படக் கூடாது, எழுத்து எழுதக் கூடாது. ஏற்றும்போது உள்ளே பூ வைத்து மடிப்பதற்குத் தடை இல்லை. கிழிந்த கொடியைப் பறக்க விடாதீர்கள். அது துடைக்கிற துணியும் இல்லை. யார் கண்ணிலும் படாமல், மரியாதையாக, முழுதாக எரித்துவிடலாம்.

ஆகஸ்ட் 16 அன்று என்ன செய்ய வேண்டும்?

யாரும் கேட்காத கேள்வி இது, நானே சேர்க்கிறேன். அன்று கீழூர் நினைவிடத்தில் கொடி ஏற்றுவார்கள். ஒரு முறையாவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், வில்லியனூர் வழியாகப் போனால் வந்துவிடும், பெரிய கூட்டம் இருக்காது. ஆனால் அதே காலையில் பீச் ரோட்டில் நடந்தால் முதல் நாள் கையில் பிடித்திருந்த காகிதக் கொடியும் பிளாஸ்டிக் கொடியும் மணலிலும் கருங்கல் இடுக்கிலும் கிடக்கின்றன. காகிதக் கொடியைக் கண்ட இடத்தில் எறியக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது, பிளாஸ்டிக்கில் கொடியே வாங்க வேண்டாம். நான் ஆறு மணிக்கெல்லாம் ஒரு துணிப்பையோடு காந்தி சிலைப் பக்கம் போய்விடுவேன். போன வருஷம் இரண்டு பிள்ளைகள் கூட வந்தார்கள், பை நிறைந்துவிட்டது. இந்த வருஷம் வருகிறவர்கள் ஆளுக்கொரு பை கொண்டு வாருங்கள்.